நடை தடுமாறும் முன்பே மாறும் மூளையின் வெண்பொருள்: மலைத்தோட்டத்தில் அதை அளந்து வைப்பது யார்?

சூரியநெல்லி (இடுக்கி): தேயிலைத் தோட்டத்தில் நடப்பதே வேலையின் பாதி. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த சூரியநெல்லியில் கொழுந்து பறிப்போர், ஈரம் காயாத மலைச்சரிவில், செடிகளுக்கு இடையே உள்ள ஒடுங்கிய தடத்தில் சுமையுடன் ஏறி இறங்க வேண்டும். சமவெளியில் சில ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடிய ஒரு கால் தடுமாற்றம் இத்தகைய நிலத்தில் முன்னதாகவே வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டாலும் அது நோயாகப் பார்க்கப்படுவது அரிது. ஆண் என்றால் குடி, பெண் என்றால் இரத்தசோகை, இருவருக்கும் பொதுவாக ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் சூட்டிவிடும் வழக்கம் தமிழ் பேசும் ஊர்கள் எங்கும் உண்டு. அதே தடுமாற்றம் தந்தைக்கும் இருந்ததா, அத்தைக்கும் இருந்ததா என்ற கேள்வி எழும்போதுதான் மரபுவழி இயக்கக் கோளாறு என்ற ஐயமே பிறக்கிறது.

இக்கோளாறுகளைப் பற்றி 2025-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இரண்டு செய்திகள், பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தகைய மலைக்கிராமங்களுக்கும் பொருள் உடையவை.

மரபுவழி நரம்புச் சிதைவு நோயான ஹண்டிங்டன் நோய்க்கு, யூனிக்யூர் நிறுவனம் உருவாக்கிய ‘ஏஎம்டி-130’ என்ற மரபணு சிகிச்சை, உயர் அளவில் பெற்றவர்களிடம் மூன்று ஆண்டுகளில் நோயின் வேகத்தை 75 விழுக்காடு குறைத்ததாக 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. உலகெங்கும் தலைப்புச் செய்தியானது அது. நவம்பர் முதல் வாரத்தில் நிலைமை மாறியது. ஒப்பீட்டுக்காக வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகளின் தரவு அனுமதி வழங்கப் போதுமானது என்ற முந்தைய நிலைப்பாட்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இப்போது இல்லை என்று அதே நிறுவனம் தெரிவித்தது. ஏறத்தாழ அதே நாட்களில், ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா எனப்படும் மரபுவழித் தள்ளாட்ட நோய்க்காக பயோஹேவன் நிறுவனம் முன்வைத்த ‘ட்ரோரிலுசோல்’ மாத்திரைக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. அங்கும் தடையாக நின்றது, மருந்து பெறாதவர்களின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்ட முறைதான்.

இரு மறுப்புகளுக்கும் அடியில் இருப்பது ஒரே குறை. இந்நோய்கள் அரியவை, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்பவை. மருந்து இல்லாவிட்டால் ஒருவரின் நோய் எவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் அளவுகோல் இன்னும் முழுமையாகக் கைவசம் இல்லை. மூளையின் வெண்பொருளை எம்.ஆர்.ஐ. கருவியால் அளக்கும் ஆய்வுகள் இன்று பெறும் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

கம்பிகளின் மேலுறை

மூளையை வெட்டிப் பார்த்தால் வெளிப்புறம் சாம்பல் நிறமாகவும் உட்புறம் வெண்மையாகவும் தெரியும். சாம்பல் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் உள்ளன. வெண்பகுதி அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மையலின் என்ற கொழுப்புறை இருப்பதால் அந்த வெண்மை. இருபது வயதினர் ஒருவரின் மூளையில் உள்ள இவ்விழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுமார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரும் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2003-இல் கணக்கிட்டனர்.

நடப்பதற்கு இந்த இணைப்பு இன்றியமையாதது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி முதுகுத் தண்டு வழியாகச் சிறுமூளைக்கு வருகிறது. அடுத்த அடி எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம் என்ற திருத்தம் அங்கிருந்து திரும்பிச் செல்கிறது. சிறுமூளையை மூளைத்தண்டுடன் பிணைக்கும் மூன்று இணை வெண்பொருள் தண்டுகள் வழியாகவே இந்தப் போக்குவரத்து நடைபெறுகிறது. தள்ளாட்ட நோய்களில் பாதிக்கப்படும் பாதைகள் இவை.

சாதாரண எம்.ஆர்.ஐ. படம் இப்பகுதி சுருங்கிவிட்டதா என்பதைக் காட்டும். சுருங்குவதற்கு முன்பு இழைகளின் தரம் குறைகிறதா என்பதை அது காட்டாது. அதற்காக 1994-இல் பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனி லெ பியான் ஆகியோர் முன்வைத்ததே ‘டிஃபியூஷன் டென்சர் இமேஜிங்’ என்ற முறை. உடலில் உள்ள நீர் மூலக்கூறுகள் எந்நேரமும் அசைந்துகொண்டிருக்கின்றன. திறந்த வெளியில் அவை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். நெருக்கமாக அடுக்கப்பட்ட நரம்பிழைகளுக்கு நடுவே, இழையின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்குவாக்கில் கடினமாகவும் பரவும். ஓடை நீர் கரையோடு ஓடுவது போல. கரை இடிந்தால் நீர் நாற்புறமும் சிதறும். இந்தத் திசைச் சார்பை பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகக் கருவி தருகிறது. எண் குறைந்தால், அவ்விடத்தில் இழைகளோ அவற்றின் உறையோ சிதைந்திருக்கக்கூடும்.

“கூடும்” என்பதே இங்குச் சரியான சொல். இரண்டு இழைக்கட்டுகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்திலும் இந்த எண் குறைவாகவே வரும். அங்கு நோய் எதுவும் இராது. வயது கூடினாலும் எண் மாறும். ஒரு மருத்துவமனையின் கருவி தந்த எண்ணை வேறொரு நிறுவனத்தின் கருவி தந்த எண்ணோடு நேரடியாக ஒப்பிட இயலாது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: தலையையும் கையையும் அசையாமல் வைத்திருக்க முடியாததே நோயாக உள்ளவர்களை, நீண்ட நேரம் அசையாமல் படுக்கச் சொல்லித்தான் இந்தப் படத்தை எடுக்க வேண்டும்.

அறிகுறிக்கு முன் தெரியும் மாற்றம்

இத்தனை குறைகள் இருந்தும் ஆய்வாளர்கள் இம்முறையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம், அறிகுறி தோன்றும் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது என்பதை இது காட்டியதுதான். லண்டன், பாரிஸ், லெய்டன், வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் நடந்த ‘ட்ராக்-எச்டி’ ஆய்வு, ஹண்டிங்டன் மரபணு மாற்றத்தைச் சுமந்தும் இன்னும் நோய்வாய்ப்படாதவர்களின் வெண்பொருள் ஆண்டுதோறும் குறைவதைப் பதிவு செய்தது. தள்ளாட்ட நோய்களைப் பொறுத்தவரை, பெற்றோரில் ஒருவருக்கு நோயுள்ள, ஆனால் தமக்கு இன்னும் அறிகுறி இல்லாதவர்களைத் தொடர்ந்து கவனித்த ஐரோப்பாவின் ‘ரிஸ்கா’ ஆய்வு 2013-இல் வெளியானது. முதல் வகை, இரண்டாம் வகை அட்டாக்சியாவின் மரபணு மாற்றம் உள்ளவர்களிடம் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் இழப்பு முன்கூட்டியே தொடங்குவதை அது கண்டது. நோய் வெளிப்பட்டவர்களிடம் நடந்த வேறு ஆய்வுகளில், சிறுமூளைத் தண்டுகளின் வெண்பொருள் எண் குறையக் குறையத் தள்ளாட்டத்தின் கடுமையும் கூடியிருந்தது.

மருந்து ஆராய்ச்சிக்கு இதன் பொருள் பெரிது. நோய் முற்றிய பின் மருந்து கொடுத்து, நடை மேம்படுகிறதா என்று பல ஆண்டுகள் காத்திருப்பதற்குப் பதிலாக, முன்னரே கொடுத்து, வெண்பொருள் இழப்பின் வேகம் குறைகிறதா என்று குறுகிய காலத்தில் அளக்கலாம். இது இன்னும் எதிர்பார்ப்பே. ஆனால் அந்த எதிர்பார்ப்பு நிறைவேற வேண்டுமானால், மருந்து வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகளின் மூளை அளந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய பதிவுகளில் பெரும்பங்கு இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளன.

தமிழ்க் குடும்பங்களின் பங்கு

அப்படியானால் தமிழர்களிடம் இந்நோய் இல்லையா? உண்டு என்பது மட்டுமல்ல, சில இடங்களில் அடர்த்தியாகவே உண்டு. தமிழ்ச் சமூகம் ஒன்றில் முதல் வகை அட்டாக்சியா மிகுந்து காணப்படுவதாக ‘நியூராலஜி இந்தியா’ இதழில் 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. அகன்ற பரப்பில் மிக அரிதான ஒரு நோய், நெருங்கிய உறவுகளைக் கொண்ட ஒரு சமூகத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும் என்பதற்கு அது சான்று. இலங்கையில் பரிசோதிக்கப்பட்ட குடும்பங்களிலும் முதல் வகையே முன்னிலையில் இருந்தது. வட இந்திய மருத்துவமனைகளில் இரண்டாம் வகையும், குறிப்பாக அகர்வால் சமூகத்தில் பன்னிரண்டாம் வகையும் அதிகம் பதிவாகின்றன. ஓரினத்து மரம் ஒரே பள்ளத்தாக்கில் அடர்வது போல, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிலம் உண்டு.

முதல் வகைக்குக் காரணமான ‘ஏடிஎக்ஸ்என்1’ மரபணுவை ஹாரி ஓரும் ஹுடா சோக்பியும் 1993-இல் கண்டறிந்தனர். அம்மரபணுவில் ‘சி-ஏ-ஜி’ என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். இயல்பான அளவைத் தாண்டி அது நீண்டால் நோய். தலைமுறை மாறும்போது துண்டு மேலும் நீளக்கூடும் என்பதால், தாத்தாவுக்கு ஐம்பதில் வந்தது தந்தைக்கு நாற்பதிலும் மகனுக்கு முப்பதிலும் வரலாம். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உறவுத் திருமணம் செய்ததால் வந்தது என்று குடும்பத்துக்குள் பழி சுமத்துவதை இந்நோயில் அடிக்கடி காணலாம், அது தவறு. உறவுத் திருமணம் வேறு வகை நோய்களுக்குக் காரணமாகலாம், இதற்கு ஆகாது.

ஐரோப்பியப் பதிவுகளின்படி, பொதுவான அட்டாக்சியா வகைகளில் மிக வேகமாக வளர்வதும் இந்த முதல் வகையே. நடை, நிற்றல், உட்காருதல், பேச்சு, கை கால் ஒருங்கிணைப்பு ஆகியவற்றை மதிப்பிட்டு 40 மதிப்பெண்ணுக்கு அளக்கும் ‘சாரா’ அளவுகோலில், முதல் வகை நோயாளியின் மதிப்பெண் ஆண்டுக்குச் சராசரியாக 2.11 புள்ளிகள் கூடுகிறது; கூடுவது நோய் முற்றுவதைக் குறிக்கும். இரண்டாம் வகையில் இது 1.49, ஆறாம் வகையில் 0.80. தமிழ்க் குடும்பங்களிலும் இதே வேகம்தானா? உணவும் உழைப்பும் வேறான உடலில், வேறான மரபுப் பின்னணியில், ஐரோப்பிய எண்ணை அப்படியே பொருத்துவது முறையாகாது. வெளித் தரவோடு ஒப்பிட்டதால் இரண்டு மருந்துகள் தடுக்கப்பட்ட நிலையில் இது வெறும் கல்விப்புலக் கேள்வியும் அன்று. நாளை இந்தியாவில் ஒரு மருந்தைச் சோதிக்க முன்வருவோர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இந்தியாவில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் மரபணு உறுதி செய்யப்பட்ட அட்டாக்சியா நோயாளிகளின் மூளைக் கனஅளவை எம்.ஆர்.ஐ. மூலம் ஒப்பிட்ட ஆய்வை 2011-இலேயே வெளியிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இயக்கக் கோளாறுகளுக்கெனத் தனி மையம் உண்டு. டெல்லி எய்ம்ஸும் மரபணுவியல் ஆய்வு நிறுவனமான ஐஜிஐபியும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இணைந்து செயல்படுகின்றன. வெண்பொருள் நோயை ஸ்கேன் படத்தின் துணையோடு அடையாளம் கண்ட முன்னோடி வரலாறும் இந்நாட்டுக்கு உண்டு: தலை பெருத்து, நடை மெல்லக் குலையும் அகர்வால் குழந்தைகளின் மூளைப் படங்களில் ஒரே மாதிரியான வெண்பொருள் மாற்றம் இருப்பதை மும்பை நரம்பியல் மருத்துவர் பி.எஸ்.சிங்கால் 1990-களில் பதிவு செய்தார். அதற்கான மரபணு அடுத்த பத்தாண்டில் அடையாளம் காணப்பட்டது. படம் முதலில், மரபணு பின்னர் என்ற வரிசை அது.

ஸ்கேன் எடுத்த பிறகு

இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. அட்டாக்சியா வகைகளின் எம்.ஆர்.ஐ. படங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருக்கும். ‘சிறுமூளைச் சுருக்கம்’ என்று அறிக்கை வரும்; எந்த வகை என்று வராது. சில விதிவிலக்குகள் உண்டு. முதிய ஆண்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் தரும் ‘எஃப்எக்ஸ்டாஸ்’ என்ற நோயில், சிறுமூளையின் நடுத்தண்டு வெண்பொருள் படத்தில் பளிச்சென்று ஒளிரும். பேரனுக்கு அறிவுத்திறன் குறைபாடு, தாத்தாவுக்கு நடுக்கம் என்ற இரண்டையும் ஒரே மரபணுவோடு முடிச்சுப் போட்டது 2001-இல்தான். பெரும்பாலான மற்ற வகைகளில் பெயரைச் சொல்வது மரபணுப் பரிசோதனையே.

அங்கும் ஒரு பொறி இருக்கிறது. ‘எக்ஸோம்’ என்ற பெயரில் பல்லாயிரம் மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் பரிசோதனை இப்போது தாராளமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வழக்கமான எக்ஸோம் முறை, மேற்சொன்ன மூன்றெழுத்துத் துண்டின் நீட்சியை நம்பத்தக்க வகையில் கண்டறிவதில்லை. அதற்குத் துண்டின் நீளத்தை அளக்கும் தனிப் பரிசோதனை தேவை, அது எளிமையானதும்கூட. பெரும் செலவில் எக்ஸோம் எடுத்து “ஒன்றும் இல்லை” என்ற தாளோடு திரும்பும் குடும்பத்தில் முதல் வகை அட்டாக்சியா இருக்கவே செய்யலாம். இதை எடுத்துச் சொல்ல மரபணு ஆலோசகர் வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் அப்படியொரு பணியிடத்தைக் காண்பது அரிது.

ஸ்கேன் நேரடியாக உயிரைக் காக்கும் இடம் வேறு. வில்சன் நோய் என்ற மரபுவழிக் கோளாறில், உடலால் வெளியேற்ற முடியாத செம்பு கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. பள்ளி வயதிலோ இளமையிலோ கையெழுத்துக் குலையும், பேச்சு குழறும், எச்சில் வடியும், கை நடுங்கும். படிப்பில் கவனமில்லை என்று ஆசிரியரும், பேய் பிடித்தது என்று ஊரும் சொல்வதுண்டு. மூளைப் படத்தில் நடுமூளைப் பகுதி பாண்டா கரடியின் முகம் போலத் தோன்றுவது இந்நோயின் புகழ்பெற்ற அடையாளம். சிலரிடம் வெண்பொருளும் விரிவாகப் பாதிக்கப்பட்டிருக்கும். கண்ணின் கருவிழி ஓரத்தில் செம்பு வளையம், இரத்தத்திலும் சிறுநீரிலும் செம்பு தொடர்பான சோதனைகள் என்று உறுதி செய்ய வழிகள் உண்டு. பெனிசிலமைன், துத்தநாகம் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுவதும் தவறாமல் எடுத்தால் பலர் இயல்பு வாழ்வுக்குத் திரும்புகின்றனர். நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் முப்பதாண்டுகளில் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 2007-இல் வெளியிட்டனர். இந்நோய்க்கு அது உலகின் பெரிய தொகுப்புகளில் ஒன்று.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால் மட்டுமே தோன்றும் நோய். உறவுத் திருமணம் இதற்கு இடம் தரும். ஒரு குழந்தைக்கு உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி தோன்றும் முன்பே தம்பியையோ தங்கையையோ பரிசோதித்து மருந்து தொடங்கினால் நோயையே தடுத்துவிடலாம். எனவே ஸ்கேன் படம் எடுக்கப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு முக்கியமோ, ஸ்கேன் அறைக்கு வெளியே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அவ்வளவு முக்கியம். உடன்பிறந்தோரை அழைத்து வாருங்கள் என்று ஒருவர் சொல்லி, வந்தார்களா என்று மற்றொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லையென்றால், பாதி வேலை முடியாமலே நிற்கும்.

இரு மாநிலங்களுக்கு நடுவே

சின்னக்கானல் வட்டாரத்தின் பெயர் செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் காட்டு யானைகளால். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் பிடிக்கப்பட்டு இடம் மாற்றப்பட்டதை நாடே பார்த்தது. யானை நடமாடும் வழியில் சமநிலை இழந்த ஒருவரின் நிலை என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. அவசரத்துக்கு ஓட முடியாதவர் மாலைக்குப் பின் வீட்டை விட்டு வெளியேற மாட்டார். சில ஆண்டுகளில் பகலிலும் வெளியேற மாட்டார்.

மருத்துவம் தேடிப் புறப்பட்டால் திசை இரண்டு. கிழக்கே பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினால் போடிநாயக்கனூரும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும், அதற்கு அப்பால் மதுரையும் உள்ளன. மேற்கே மூணாறு, அடிமாலி கடந்து கோட்டயம் அல்லது எர்ணாகுளம். மொழியாலும் உறவாலும் பலருக்குத் தேனியும் மதுரையும் நெருக்கம். ஆனால் கேரளக் குடும்ப அட்டை வைத்திருப்பவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பயனாளியாக முடியாது. கேரளத் திட்டத்தின் பயனைப் பெறப் பெரும்பாலும் மேற்கே செல்ல வேண்டியிருக்கும். தொடர்ந்து அளக்கப்பட வேண்டிய ஒரு நோயில் இந்தப் பிளவு கூடுதல் சேதம் விளைவிக்கிறது. முதல் ஸ்கேன் ஒரு மாநிலத்தில் ஒரு கருவியிலும், மூன்றாண்டு கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேன் மற்றொரு மாநிலத்தில் வேறொரு கருவியிலும் என்றால், வெண்பொருள் எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல இயலாது. இரண்டு படங்களுக்கும் செலவு மட்டும் ஆகியிருக்கும்.

தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் கூரையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. லயம் வீடு வேலையோடு வருவது; வேலையோடு போவது. இதனால் தடுமாற்றத்தை மறைக்கும் உந்துதல் வலுவாக இருக்கும். தோட்ட நிர்வாகமே மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என்ற 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டது. நிர்வாகம் விரும்பினால் தொழிலாளர்களை இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கலாம் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இடமளிக்கிறது. சேர்ந்தால், தோட்டத்து மருந்தகத்தில் தொடங்கி நரம்பியல் நிபுணர் வரை ஒரு பாதை உருவாக வாய்ப்புண்டு. “விரும்பினால்” என்ற சொல்லைக் கடந்து எத்தனை நிர்வாகங்கள் வரும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அரசுப் பட்டியல்களும் இந்நோயாளிகளுக்கு முழுமையாகக் கைகொடுப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாள்பட்ட நரம்பியல் நிலைகளுக்கு எடுத்துக்காட்டாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றின் பெயரைச் சொல்கிறது. அட்டாக்சியாவின் பெயரைச் சொல்லவில்லை. சான்றிதழ் பெற முடியாது என்பதல்ல. ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கும் என்பதே பொருள். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை, சிறப்பு மையங்கள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி அளிக்கிறது. திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அத்தகைய மையங்களுள் ஒன்று. ஆனால் அக்கொள்கையின் மூன்று பிரிவுகளும் ஏதோ ஒரு வகைச் சிகிச்சை கைவசம் உள்ள நோய்களைக் கருதியே வகுக்கப்பட்டவை. சிகிச்சை இன்னும் வராத, வருவதற்காக அளந்துகொண்டிருக்க வேண்டிய நோய்களுக்கு அதில் இருக்கை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அரிய நோய்ப் பதிவேடு அந்த இடைவெளியை நிரப்பலாம். அதில் பெயர் ஏற, முதலில் யாராவது ஒருவர் நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும்.

தெரிந்துகொள்ளாதிருக்கும் உரிமை

முன்கூட்டியே அளப்பதில் ஓர் அறச்சிக்கலும் உண்டு. தந்தைக்கு முதல் வகை அட்டாக்சியா உறுதியான வீட்டில், இருபத்திரண்டு வயது மகளை ஆய்வுக்காக ஸ்கேன் எடுக்க அழைத்தால், மரபணு முடிவை அவள் கேட்காவிட்டாலும் படம் சிலவற்றைச் சொல்லிவிடக்கூடும். அறிக்கையில் ஒரு வரி வந்தால் போதும். வரன் பேசும் வீட்டுக்கு அது எப்படியோ சென்றுவிடும். ஐரோப்பிய ஆய்வுகளில், பங்கேற்பவர் தம் மரபணு முடிவைத் தெரிந்துகொள்ளாமலே தொடர அனுமதிக்கப்பட்டார். சிறுவர்களுக்கு அறிகுறி இல்லாத நிலையில் இச்சோதனையைச் செய்வதில்லை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஒரே லயத்தில் பத்து வீடுகள் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், இந்த இரகசியத்தைக் காப்பது நகரத்து ஆய்வகத்தில் காப்பதைவிடக் கடினம். ஆய்வு மலைக்கு வருமானால், கருவிக்கு முன்பாக இதற்கான விடை வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பெரிய கருவி தேவை என்பதும் இல்லை. வெண்பொருள் எண் தனியாக நின்றால் பொருள் தராது. நோயாளியின் நடையோடும் பேச்சோடும் சேர்த்து வைத்தால்தான் அது அளவுகோலாகும். அந்த மறுபாதியான ‘சாரா’ மதிப்பீட்டில் எட்டுப் பகுதிகளே உள்ளன. சுவரோரமாக நடந்து திரும்புதல், பாதங்களைச் சேர்த்து நிற்றல், உட்காருதல், பேசுதல், விரலால் விரலைத் தொடர்தல், மூக்கையும் விரலையும் மாறி மாறித் தொடுதல், உள்ளங்கையை விரைவாகப் புரட்டுதல், குதிகாலால் முழந்தாளிலிருந்து கணுக்கால்வரை தடவி இறக்குதல். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும். ஓர் இருக்கை, ஒரு கட்டில், சில மீட்டர் நீளமுள்ள தாழ்வாரம் ஆகிய மூன்றும் எந்தத் தோட்டத்து மருந்தகத்திலும் இருப்பவை. ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணை எழுதி வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே நபரை அதே கருவியில் படமெடுக்க அனுப்பினால், முதல் வகை அட்டாக்சியா தமிழ் உடலில் எந்த வேகத்தில் நகர்கிறது என்ற கணக்கு எழுதத் தொடங்கப்பட்டிருக்கும்.